மக்காச்சோளத்துக்கு அடியில்

அன்புள்ள கயல்,

ஏம்ஸில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததை அம்மா சொன்னாள். "அயோவாவில் என்ன இருக்கு, மக்காச்சோளக் காடுதானே?" என்று நீ சலித்துக்கொண்டாயாம். உண்மைதான், கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதுதான். ஆனால் அந்த நிலம் யாருடையது, அதற்கு முன் யாருடையதாக இருந்தது என்று விசாரிக்க ஆரம்பி. அங்கே பொழுது போதாது.

முதலில் டேமாவுக்குப் போ. 30-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணி நேரம். மெஸ்குவாக்கி என்ற பூர்வகுடி மக்கள் வாழும் இடம். 1842 ஒப்பந்தத்தில் அவர்கள் நிலம் கைவிட்டுப் போயிற்று, கான்சாஸுக்கு விரட்டப்பட்டார்கள். சிலர் போகாமல் ஒளிந்து வாழ்ந்தார்கள், போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். 1857-ல் அயோவா ஆற்றங்கரையில் 80 ஏக்கரைத் தங்கள் பணத்தைப் போட்டு வாங்கினார்கள். தாங்கள் பறிகொடுத்த மண்ணுக்குத் தாங்களே கிரயம் கொடுத்தார்கள்! அதுவும் ஆளுநரின் பொறுப்பில்தான் அந்தச் சொத்து இருக்க முடிந்தது. இன்று 8,000 ஏக்கருக்கு மேல் சேர்த்துவிட்டார்கள். அரசு ஒதுக்கித் தந்த இடமல்ல அது, விலைக்கு வாங்கியது. அங்கே பேசும்போது இதை மறந்துவிடாதே. ஆகஸ்டில் நடக்கும் அவர்களுடைய பவ்வவ் என்ற நடன விழாவுக்கு வெளியாட்களும் போகலாம். கேட்காமல் படம் எடுக்காதே. எழுந்து நிற்கச் சொன்னால் நில். கூப்பிட்டால் மட்டும் ஆட்டக்களத்தில் இறங்கு.

இனி மண். முன்பு அங்கே ஆளுயரப் புல்வெளி. அந்தப் புல்லின் வேர்கள் மக்கிமக்கித்தான் மண் அப்படிக் கறுத்துக் கிடக்கிறது. இப்போது அந்தப் புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஏம்ஸைச் சுற்றி அன்று பெரும்பகுதி சதுப்பு. வயலுக்கடியில் சுட்டமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்துத்தான் விளைநிலமாக்கினார்கள். மழை பெய்து ஓய்ந்த பின் ஏதாவது ஓடையோரம் போய்ப் பார், கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். இந்த வேலையைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் பேசுவதில்லை. எனக்கென்னவோ அந்த மாநிலத்தின் பாதிச் சரித்திரம் அந்தக் குழாய்களில்தான் இருப்பதாகப் படுகிறது.

இனி மனிதர்கள். அடிமையாகப் பிறந்த வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1891-ல் நீ படிக்கப்போகும் கல்லூரியில்தான் சேர்ந்தார். அங்கே முதல் கறுப்பின மாணவர் அவர். பிறகு அங்கேயே பாடமும் நடத்தினார். வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் பிறந்ததும் அந்த மாநிலத்தில்தான், கிரெஸ்கோ பக்கம். அவர் தொடங்கிவைத்த உலக உணவுப் பரிசை 1987-ல் முதன்முதலாகப் பெற்றவர் நம் கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன். பரிசின் தலைமையகம் டெ மாயின் நகரத்துப் பழைய நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. சீடர் ராப்பிட்ஸில் 1934-ல் கட்டிய பள்ளிவாசல் ஒன்று இன்னும் நிற்கிறது. மசூதியாகவே கட்டப்பட்டு அமெரிக்காவில் எஞ்சியிருப்பவற்றில் அதுதான் பழையது. சோளக்காட்டு நடுவே யார் கட்டினார்கள் என்று நீயே போய்க் கேள்.

மனிதர்களிடம் பேச வேண்டுமானால் சிற்றூர்க் காப்பிக்கடைக்குக் காலையிலேயே போ. மழையைப் பற்றிப் பேச்சை எடு, சோள விலை தானாக வரும். எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்டுவிடாதே. ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைப் போல அது. உழுகிற பலருக்கு நிலம் குத்தகைதான் என்பதால் அந்தக் கேள்வி இன்னும் உறுத்தும்.

மாநிலக் கண்காட்சியில் வெண்ணெயால் செய்த பசுவைக் காட்டுவார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் கூத்து. அதையும் பார்.

கார் இல்லாமல் இவற்றில் பாதிக்குப் போக முடியாது. பனி விழுவதற்குள் லைசென்ஸ் எடுத்துவிடு.

அன்புடன்,
மாமா