தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஓர் அளவியல் பார்வை

நம் கல்லூரியில் என்.சி.சி.யில் இருப்பவர்களுக்கு .22 ரைஃபிள் புதிதல்ல. "குரூப்பிங் எவ்வளவுடா?" என்று கேட்டு, அட்டையில் விழுந்த ஓட்டைகள் மேல் ஸ்கேலை வைத்துப் பார்க்காதவர் யார்? அப்படிக் கிடைக்கும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம். மெட்ராலஜியும் எஸ்.க்யூ.சி.யும் படிக்கிற நமக்கு இது சொந்த வீட்டுச் சமாச்சாரம்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் ரைஃபிள் கிளப்பில் 50 மீட்டர் சுடுகிறான். மேட்ச் தோட்டா எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. இங்கிலாந்தின் எலி டெனெக்ஸ், ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, ஃபின்லாந்துப் பெயரில் வந்தாலும் ஜெர்மனியின் ஷோனெபெக்கில் தயாராகும் லாபுவா என்று சில பெயர்கள்தான். விலை சாதாரணத் தோட்டாவைப் போலப் பல மடங்கு. ஒரு வருஷத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கி வைக்க வேண்டும். வீட்டில் கஷ்டப்பட்டுப் புரட்டிய பணம். அவன் இரண்டு லாட்டில் ஐந்தைந்து சுட்டுப் பார்த்திருக்கிறான். ஏ லாட் 14 மி.மீ., பி லாட் 19 மி.மீ. "ஏ தான்டா நல்லா போகுது, அதையே மொத்தமா எடுத்துடறேன்" என்றான். "பத்து நாள் பொறு" என்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். தோட்டா என்பது முழுசு. அதிலிருந்து பறந்து போவது குண்டு. .22 லாங் ரைஃபிள் மேட்ச் தோட்டாவில் ஈயக் குண்டின் எடை 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். குழலை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு சுமார் 320 முதல் 330 மீட்டர். இது ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஒலி வேகத்தைத் தாண்டிப் போய் நடுவழியில் அதற்குக் கீழே இறங்கினால் குண்டு ஆட்டம் காணும்.

பெரிய ரைஃபிள் தோட்டாவில் பிரைமர் தனியாக அடிப்பக்கத்து நடுவில் உட்காரும். சுடுபவரே பவுடரை எடை போட்டு, தோட்டாவை மறுபடி நிரப்பிக் கொள்ளலாம். ரிம்ஃபயரில் அது நடக்காது. பற்ற வைக்கும் மருந்தை ஈரமாகக் கேஸுக்குள் இட்டு, சுழற்றி, விளிம்பின் மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். அந்த மெல்லிய வளையத்தில் ஓரிடத்தில் மருந்து கூடி, ஓரிடத்தில் குறைந்தால் பற்றுவது மாறும். பற்றுவது மாறினால் வேகம் மாறும். நம் கையில் எதுவும் இல்லை. பெட்டியில் என்ன வந்ததோ அதுதான். அதனால்தான் இங்கே தேர்ந்தெடுப்பதே பாதி வேலை.

வேகம் மாறினால் என்ன ஆகும்? கணக்குப் போடலாம். 50 மீட்டரைக் கடக்க சுமார் 0.16 நொடி. அதற்குள் குண்டு விழும் ஆழம் ½gt², அதாவது ஏறத்தாழ 12.5 செ.மீ. வேகம் 1 சதவீதம் (சுமார் 3 மீ/நொடி) குறைந்தால் நேரம் 1 சதவீதம் கூடும், விழுவது 2 சதவீதம் கூடும்: 2.5 மி.மீ. ஒரே பெட்டியில் 10 மீ/நொடி வித்தியாசம் இருந்தால் மேலுக்கும் கீழுக்கும் கிட்டத்தட்ட 8 மி.மீ. 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்! குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து உண்டு என்பதால் நடுப்புள்ளியிலிருந்து 8 மி.மீ. வரை தப்பிக்கலாம். ஆனால் தசமப் புள்ளியில் எண்ணும்போது 10.9-க்கும் 10.0-க்கும் நடுவே ஒவ்வொரு 0.8 மி.மீ.க்கும் 0.1 போய்விடும். 60 குண்டில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே பாருங்கள்.

இனி அந்த 14-க்கும் 19-க்கும் வருவோம். குரூப் விட்டம் என்பது தூரத்தில் விழுந்த இரண்டு ஓட்டைகளின் இடைவெளி. மீதி மூன்று குண்டும் அதில் பேசவே இல்லை. எஸ்.க்யூ.சி.யில் ஆர் சார்ட் போட்டவர்களுக்கு இது புரியும்; ரேஞ்ச் என்பது சாம்பிளுக்குச் சாம்பிள் குதிக்கும். 5 குண்டு குரூப்பின் விட்டத்தில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் அதன் சராசரியில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சுமார் 27 சதவீதம். இரண்டு லாட்டுமே உண்மையில் சராசரி 16 மி.மீ. தருபவை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 14, இன்னொன்றில் 19 வருவது சர்வ சாதாரணம். தோழன் அளந்தது தோட்டாவை அல்ல, அதிர்ஷ்டத்தை!

குரூப்பைப் பெரிதாக்கிச் சுடுவதிலும் ஒரு வம்பு உண்டு. 10 குண்டு குரூப் 5 குண்டு குரூப்பை விடச் சராசரியாக நாலில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு "பி மோசம்" என்பவர்கள் கிளப்புக்குக் கிளப் இருக்கிறார்கள்.

பின் எப்படி? ஒரு பெட்டியில் 50 தோட்டா. அதைப் பத்து குரூப்பாகச் சுட்டுச் சராசரி எடுத்தால், அந்த 27 சதவீதம் √10-ஆல் வகுபட்டு 8.5-க்கு வரும். இரண்டு லாட்டின் வித்தியாசத்துக்கு 12. ஆக, பெட்டிக்குப் பெட்டி வைத்து ஒப்பிட்டாலும் 10 சதவீத வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. 30 சதவீதம் என்றால் தைரியமாகச் சொல்லலாம். இதைக் கேட்டதும் தோழன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

காசைக் கூட்டாமல் தகவலைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. ஐந்தும் ஒரே கிழிசலாகி விட்டால் எது எங்கே என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு குண்டையும் தனித்தனி வட்டத்தில் சுட்டு, மையத்திலிருந்து எக்ஸ், ஒய் இரண்டையும் வெர்னியரில் அளந்து எழுதுங்கள். 50 குண்டின் சராசரி மையத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் எடுத்துச் சராசரி பாருங்கள். எல்லாக் குண்டும் பேசும். ஒய் மட்டும் அகலமாகப் பரவியிருந்தால் வேகத்தின் மேல் சந்தேகப்படலாம். எக்ஸ் பரவியிருந்தால் முதலில் காற்றைப் பாருங்கள்.

சுடும் முறையிலும் சில ஒழுங்கு வேண்டும். ரைஃபிளைத் தோளில் வைத்தால் நம் மூச்சும் கணக்கில் சேரும். கிளாம்பில் அசையாமல் பிடிக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி குண்டின் மேல் தடவும் மெழுகு வேறு. லாட் மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்து குண்டு பழைய மெழுகை மாற்றத்தான், அவற்றை எண்ணாதீர்கள். ஏ முழுவதையும் காலையிலும் பி முழுவதையும் மதியமும் சுட்டால் ஒப்பிட்டது தோட்டாவையா, வெயிலையா? ஏ, பி, பி, ஏ என்று பிரித்துச் சுடுங்கள். அளப்பவருக்கு எந்த அட்டை எந்த லாட் என்று தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. இதெல்லாம் லைசென்ஸ் உள்ள ரேஞ்சில், அதிகாரி முன்னிலையில்தான் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

குரோனோகிராஃபை மட்டும் நம்பி முடிவெடுப்பவர்களும் உண்டு. சுடும்போது குழல் அதிர்கிறது. முனை மேலே எழும் தருணத்தில் குண்டுகள் வெளியேறினால், மெதுவான குண்டு கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் உயரமான கோணத்தில் கிளம்பும். அதன் கூடுதல் வீழ்ச்சி ஓரளவு ஈடாகிவிடும். ஆகவே வேகத்தில் சுமாரான லாட், ஒரு குறிப்பிட்ட குழலில் அட்டையில் அருமையாக இருக்கலாம். என் பார்வையில் கடைசித் தீர்ப்பு அட்டைக்குத்தான்.

இதே காரணத்தால்தான் பக்கத்து லேனில் சுடுபவருக்குப் பொருந்திய லாட் நமக்கும் பொருந்தும் என்பதில்லை. மாடல் ஒன்றானாலும் குழல் வேறு. தேறிய லாட்டின் எண்ணைப் பெட்டியைப் பார்த்து நோட்டில் குறித்து, அதே எண்ணில் வருஷத்துக்கு வேண்டிய அத்தனையையும் கேட்டு வாங்குங்கள். அதே கம்பெனி, அதே பெயர், ஆனால் வேறு லாட் எண் என்று கடைக்காரர் நீட்டினால், மறுபடி ஒரு பெட்டி, மறுபடி 50 வட்டம்.