சேமிக்க முடியாத செல்வம்



நமது கோடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பழனி மலைத் தொடரின் இக்குளிரில் பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு, காரட், பூண்டு ஆகியவை செழித்து வளர்கின்றன. கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில் அவரையும் விளைகிறது. பீன்ஸ், பட்டாணி, அவரை ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இச்செடிகளைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு சிறு முண்டுகள் தெரியும். அவற்றில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு அளிக்கிறது. அதைக் கொண்டு செடி அமினோ அமிலங்களை உண்டாக்கி, புரதமாக்கி, விதையில் சேர்த்து வைக்கிறது. அவ்விதையை நாம் உண்டபின் நம் உடலில் நடப்பது என்ன? அதை இங்கே காண்போம்.

புரதத்தை ஒரு ஜெபமாலைக்கு ஒப்பிடலாம். அமினோ அமிலங்களே அதன் மணிகள். நம் உடலின் புரதங்கள் 20 வகை மணிகளால் கோக்கப்பட்டவை. பட்டாணியின் புரதம் அப்படியே வந்து நம் தசையில் ஒட்டிக் கொள்வதில்லை. இரைப்பையில் அமிலமும் பெப்சினும், சிறுகுடலில் கணைய நீரிலுள்ள டிரிப்சின் முதலிய நொதிகளும் மாலையை அறுத்து மணிகளைப் பிரிக்கின்றன. பிரிந்த அமினோ அமிலங்கள் குடலுறிஞ்சிகள் வழியாக இரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலை அடைகின்றன.

அங்கிருந்து அவை உடலெங்கும் சென்று புதிய மாலைகளாகக் கோக்கப்படுகின்றன. வளர்ந்த ஒருவரின் உடலில் நாள்தோறும் சுமார் 300 கிராம் புரதம் உடைந்து, மீண்டும் கட்டப்படுகிறது. இதைத் தவிர வேறு பணிகளும் உண்டு. டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தைராக்சினும், நம் கூந்தலுக்குக் கருமை தரும் மெலனினும் உண்டாகின்றன. இரத்தத்தின் செந்நிறப் பொருளைச் செய்யக் கிளைசின் தேவை. டிரிப்டோஃபேனில் ஒரு பகுதி நயாசின் என்னும் வைட்டமினாக மாறுகிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. மிஞ்சிய கொழுப்புக்கும் உடலில் இடமுண்டு. ஆனால் மிஞ்சிய அமினோ அமிலத்திற்கென்று ஒரு களஞ்சியம் உடலில் இல்லை. பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்களுக்குக் கிடைத்த மன்னாவை இங்கு நினைவு கூரலாம். அன்றன்றைக்கு வேண்டியதையே அவர்கள் சேகரிக்க வேண்டியிருந்தது. மறுநாளைக்கென வைத்ததில் புழு வைத்தது.

மிஞ்சும் அமினோ அமிலத்திலிருந்து உடல் நைட்ரஜன் பகுதியைக் கழற்றி விடுகிறது. எஞ்சிய கரிமப் பகுதி எரிந்து சக்தி தருகிறது, அல்லது சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறுகிறது. கழற்றிய நைட்ரஜனோ அம்மோனியா ஆகிறது. அது மூளைக்கு நஞ்சு. ஆகவே கல்லீரல் அதை யூரியாவாக மாற்ற, சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. இது ஒரு சுழற்சியாக நடைபெறுவதை 1932-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸ், கர்ட் ஹென்சலைட் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். நம் மலை விவசாயிகள் மூட்டையில் வாங்கி வயலுக்கு இடும் யூரியாவும் இதே பொருள்தான்!

உணவில் கிடைத்தே தீர வேண்டிய அமினோ அமிலங்கள் 9. அவற்றை நம் உடலால் செய்ய இயலாது. அவற்றில் ஒன்று குறைந்தாலும் மாலை கோக்கும் வேலை தடைப்படும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அதை அரிசி ஈடு செய்கிறது. உளுந்து சேர்ந்த இட்லியும், பாசிப்பருப்பு சேர்ந்த பொங்கலும் நம் முன்னோரின் அனுபவ அறிவுக்குச் சான்றுகள்.

ஒரே தானியத்தை நம்பி வாழ்வதன் தீங்கை ஆராய்ந்தவர் சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். நீலகிரியின் குன்னூரில் இயங்கி, பின் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய உணவூட்ட ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். தக்காணத்தில் சோளத்தையே முதன்மையாக உண்ட ஏழை மக்களுக்குப் பெல்லாக்ரா நோய் கண்டது. சோளத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் அளவுக்கு மீறியிருப்பது இதற்குக் காரணமாகலாம் என்று அவரும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எடுத்துரைத்தனர். அமினோ அமிலங்கள் கிடைத்தால் மட்டும் போதாது, அவற்றிடையே சமநிலையும் வேண்டும் என்பதை இதனால் உணர்கிறோம்.

தோழியரே, இந்தப் பாடம் நம் வீட்டுச் சமையலறை வரை வருகிறது. 13 முதல் 15 வயதுவரை உள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 43 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்துள்ளது. ஞாயிறன்று வயிறார உண்ணும் இறைச்சி, மற்ற ஆறு நாள் குறையை ஈடு செய்யாது. பேருந்துக்கு நேரமாயிற்று என்றோ, உடல் மெலிய வேண்டும் என்றோ காலை உணவை விட்டால், சர்க்கரை வேண்டி உடல் தன் தசைப் புரதத்தையே உடைக்கத் தொடங்கும். பல வீடுகளில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதைத் தாயும் பெண் மக்களும் உண்கிறார்கள். பெரும்பாலும் அப்போது சோறு இருக்கும், பருப்பும் முட்டையும் தீர்ந்திருக்கும். அன்று இழந்த பங்கு அவர்களுக்கு இழந்ததே.

நம் மாநிலத்தில் 1956-இல் காமராஜர் விரிவாக்கிய மதிய உணவும், 1982-இல் எம். ஜி. ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-இல் மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளின் அன்றாடப் பங்கைக் காக்க எழுந்தவை. வீட்டில் அதைக் காக்க வேண்டியவர்கள் நாமே. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. விலை உயர்ந்த சத்து மாவு வேண்டாம். ஒரு கைப்பிடி சுண்டலும், குழம்பில் சற்றுக் கூடுதலாகப் பருப்பும், நம் மலைப் பட்டாணியும் போதும். பெற்றோரே, பரிமாறும்போது மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவில் பரிமாறுங்கள். அம்மாவின் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

அன்றாட உணவை இன்று தரும்படி நாம் தினமும் இறைவனிடம் வேண்டுகிறோம். அவர் தந்ததை அன்றன்றே எல்லாரும் பகிர்ந்துண்டு, நலமுடன் வாழ்வோமாக!