மெல்ல இறங்கும் வண்டி

நுழையும்முன்

நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் வண்டியைப் புகழ்கிறோம். ஆனால் மலைச்சரிவிலும் சேற்றிலும் பாறைமீதும் வண்டியின் பெருமை மெதுவாகச் செல்வதில்தான் உள்ளது. அம்மெதுவை முன்பு ஓட்டுநரின் கையும் காலும் தந்தன. இன்று கணினியும் துணைக்கு வந்துள்ளது. அத்துணை எதுவரை உதவும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

எஸ்டேட்டுப் பாதை

மாணவர்களே! அந்தமானில் குட்வில் எஸ்டேட் என்று ஓர் ஊர் உண்டு. அப்பெயரின் பின்பாதி தமிழர்க்குப் புதியதன்று. வால்பாறை, நீலகிரி, மூணாறு, இலங்கை மலையகம், மலேயா எனத் தமிழர் தோட்ட வேலைக்குச் சென்ற இடங்களில் எல்லாம் 'எஸ்டேட்' என்னும் சொல் அவர்களுடைய பேச்சில் கலந்துவிட்டது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டதையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

மலைத்தோட்டம் என்றால் அங்கே ஒரு மண்பாதையும் இருக்கும். கல் பெயர்ந்து, மழைநீர் அறுத்துச் சென்ற பள்ளங்களுடன், ஒருபுறம் மலையும் மறுபுறம் சரிவுமாக அது வளைந்து செல்லும். பறித்த இலையை ஏற்றி வருவதும் அவ்வழிதான். நோயுற்றவரை மருத்துவமனைக்கு இறக்கி வருவதும் அவ்வழிதான்.

இத்தகைய பாதைக்குப் பெயர்பெற்றது கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டம் அது. தோட்டம் தமிழ்நாட்டில் இருந்தாலும் வண்டி செல்லும் வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியிலிருந்து மலையேறி நடந்துதான் செல்ல முடியும். சூரியநெல்லியிலிருந்து செல்லும் பாதையில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்புகளே ஓடுகின்றன. தொலைவு அதிகமில்லை. ஆயினும் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகிறது. உள்ளே இருப்பவர் குலுங்கிக் குலுங்கி வருந்துவர், ஓட்டுநரோ அவசரப்படுவதில்லை.

ஏன் அவசரப்படக்கூடாது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,800 கிலோகிராம் நிறையுள்ள வண்டி ஒன்று 100 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று கொள்க. அப்போது அது இழக்கும் நிலை ஆற்றல் ஏறக்குறைய 17.6 இலட்சம் ஜூல். இவ்வாற்றல் மாயமாக மறைந்துவிடாது. வண்டி வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இதில் பெரும்பகுதி வெப்பமாக மாறியே தீரவேண்டும். அறை வெப்பநிலையில் உள்ள ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும்! நாம் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அத்தனை வெப்பத்தையும் சக்கரங்களின் பிரேக்குகளே தாங்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

வேகத்தின் கணக்கும் இத்துடன் சேர்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது ஆள் நடக்கும் வேகம். அதை 20 கிலோமீட்டராக உயர்த்தினால் வேகம் நான்கு மடங்கு. இயக்க ஆற்றலோ பதினாறு மடங்கு. முதல் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகவே நகரும். இரண்டாவது வேகத்தில் ஐந்தரை மீட்டர் நகர்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் ஐந்தரை மீட்டர் என்பது பாதைக்கும் பள்ளத்திற்கும் இடையிலுள்ள தூரமாக இருக்கலாம்.

மூன்று கோல்கள்

பழைய ஜீப்பின் தரையில் மூன்று கோல்கள் நின்றன. ஒன்று வழக்கமான கியர்க்கோல். மற்றொன்று முன் அச்சிற்கும் விசையைச் செலுத்தும். மூன்றாவதுதான் நம் பாடத்திற்கு உரியது. அது வண்டியைத் தாழ்கியருக்கு மாற்றும். வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்பை 1947 முதல் இந்தியாவில் மகிந்திரா நிறுவனத்தார் பூட்டி விற்றபோது இவ்வமைப்பும் நம் நாட்டு மலைகளுக்கு வந்தது.

தாழ்கியரில் இயந்திரம் அதே வேகத்தில் சுழன்றாலும் சக்கரம் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் சுழலும், இழுவிசையோ இரட்டிப்பாகும். இறக்கத்தில் இது தலைகீழாக வேலை செய்கிறது. வேகமாக உருள விரும்பும் சக்கரம் இயந்திரத்தையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியுள்ளது. இயந்திரம் அதற்கு இணங்காமல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. இதனை இயந்திரத் தடை என்பர். பிரேக்கைத் தொடாமலேயே வண்டி நடைவேகத்தில் இறங்குவதால் பிரேக்கும் சூடேறுவதில்லை. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ இறங்குவதற்கும் அதே கியர் என்பது மலை ஓட்டுநர்கள் பழகிய வழக்கம்.

சிலர் எரிபொருள் மிச்சமாகும் என்று எண்ணி இறக்கத்தில் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கியரையும் விடுவித்து வண்டியை உருளவிடுவர். இதைவிடக் கேடான சிக்கனம் வேறில்லை. இயந்திரத் தடை போய்விடும்; பிரேக்கிற்கும் திசைமாற்றிக்கும் இயந்திரம் அளித்துவந்த உதவியும் நின்றுவிடும்.

கணினியின் கால்

1997-இல் லேண்ட் ரோவர் நிறுவனம் ஃப்ரீலேண்டர் என்னும் வண்டியை வெளியிட்டது. அதில் தாழ்கியர் இல்லை. அக்குறையை ஈடுசெய்யவே இறக்கக் கட்டுப்பாடு என்னும் புதிய ஏற்பாட்டை அமைத்தனர். பின்னர் பல நிறுவனங்களும் இதனைப் பின்பற்றின. நம் நாட்டில் 2020-இல் வெளிவந்த புதிய தார் வண்டியின் சில வகைகளிலும் இது உண்டு. அவ்வண்டி தாழ்கியரையும் கைவிடவில்லை என்பது பாராட்டத்தக்கது.

இது வேலை செய்யும் முறை எளிது. ஒவ்வொரு சக்கரத்திலும் சுழற்சியை அளக்கும் உணரி ஒன்று உள்ளது. ஓட்டுநர் பொத்தானை அழுத்திவிட்டுக் கால்களை மிதிகளிலிருந்து எடுத்துவிடலாம். வண்டி குறித்த வேகத்தைத் தாண்ட முற்பட்டால், கணினி பிரேக்கை நொடிக்குப் பலமுறை பிடித்துப் பிடித்து விடும். அப்போது 'டரக் டரக்' என்று எழும் ஓசையைக் கேட்டுப் பழுது என்று அஞ்ச வேண்டா. மனிதக் காலால் இயலாத ஒன்றை இக்கணினி செய்கிறது. நம் கால் மிதிக்கும்போது நான்கு பிரேக்குகளும் ஒன்றாகவே பிடிக்கும். கணினியோ வழுக்கும் சக்கரத்தை விட்டுவிட்டு, மண்ணில் பிடிப்புள்ள சக்கரத்தை மட்டும் தனியே பிடிக்கும்.

டொயோட்டா நிறுவனம் 2007-இல் வந்த லேண்ட் குரூசரில் இன்னும் ஒரு படி சென்றது. அதில் கணினி பிரேக்குடன் இயந்திரத்தின் விசையையும் ஆள்வதால், மணலிலும் பாறையிலும் வண்டி தவழ்ந்து ஏறவும் இறங்கவும் இயலும். ஓட்டுநர் திசைமாற்றியை மட்டும் கவனித்தால் போதும்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

கணினி உராய்வைப் பங்கிட்டுத் தரும், படைத்துத் தராது. டயருக்கும் மண்ணுக்கும் இடையே இருக்கும் பிடிப்பே எல்லை. அந்தமானில் தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தருகின்றன. ஆண்டு மழையளவு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். தீவுகளின் மிக உயர்ந்த சேடில் சிகரம் 730 மீட்டர் அளவே உடையது. ஆனால் வண்டிக்கு மலையின் உயரம் பொருட்டன்று. சரிவும் ஈரமும்தான் பொருட்டு. நனைந்த களிமண் சரிவு பத்து மீட்டர் நீளமே இருந்தாலும் வண்டியைச் சறுக்கிவிட வல்லது.

சக்கரம் சுழலாமல் சறுக்கும்போது திசைமாற்றியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அப்போது பயந்து பிரேக்கை ஓங்கி மிதிப்பதே இயல்பு, அதுவே தவறு. காலை எடுத்து, விசைமிதியை மிகமெல்லத் தொட்டுச் சக்கரத்தை மீண்டும் உருளச் செய்தால் வண்டி ஓட்டுநரின் கைக்குத் திரும்பும். இறக்கம் நீண்டு பிரேக் மிகுதியாகச் சூடேறினால் இறக்கக் கட்டுப்பாடு எச்சரித்துவிட்டுத் தானே விலகிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. எனவே கணினி இருக்கிறது என்று தாழ்கியரை மறக்கலாகாது. இயந்திரம் பெரும்பங்கைத் தாங்க, கணினி எஞ்சியதைத் திருத்த, இரண்டும் சேர்ந்து இறங்குவதே நன்று.

பொத்தானை எப்போது அழுத்துவது என்பதும் முக்கியம். சரிவின் பாதியில் தாழ்கியரைத் தேடக்கூடாது. கியர் விடுபட்ட அந்த ஒரு கணத்தில் வண்டி ஓடிவிடும். உச்சியிலேயே நிறுத்தி, இறங்கி நடந்து சென்று பாதையைப் பார்க்க வேண்டும். பள்ளம் எங்கே, பெயர்ந்த கல் எங்கே, கீழே நிற்க இடம் உண்டா என்பதைக் கணினி அறியாது. பிறகு தாழ்கியரை இட்டு, இறக்கக் கட்டுப்பாட்டை இயக்கி, சரிவுக்கு நேராக இறங்க வேண்டும். குறுக்காக இறங்கினால் வண்டி பக்கவாட்டில் கவிழக்கூடும்.

ஏறும்போது பாதியில் இயந்திரம் நின்றுபோனாலும் இதே முறைதான். வண்டியைத் திருப்ப முயலக்கூடாது. பிரேக்கைப் பிடித்தபடி இயந்திரத்தை மீண்டும் இயக்கி, பின்கியரை இட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்க வேண்டும். பின்கியரிலும் இறக்கக் கட்டுப்பாடு வேலை செய்யும்.

சொல்லும் பொருளும்

உணரி – மாற்றத்தை அறிந்து தெரிவிக்கும் கருவி
உராய்வு – ஒன்றோடொன்று தேய்வதால் எழும் தடை
திசைமாற்றி – வண்டியைத் திருப்பப் பயன்படும் சக்கரம்
இயலும் – முடியும்

பயிற்சி

1. இறக்கத்தில் இயந்திரத்தை அணைத்து வண்டியை உருளவிடுவது ஏன் கேடானது?
2. ஃப்ரீலேண்டர் வண்டியில் இறக்கக் கட்டுப்பாடு அமைக்கப்பட்டதன் காரணம் யாது?
3. 'கணினி உராய்வைப் பங்கிட்டுத் தரும். படைத்துத் தராது' – விளக்குக.
4. மணிக்கு 5 கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டராக வேகம் உயர்ந்தால் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும்? கணக்கிடுக.
5. உங்கள் ஊரில் மழைக்காலத்தில் வண்டிகள் செல்ல அஞ்சும் பாதை ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, ஒரு பத்தி எழுதுக.