இல்லத்தில் இலத்தீன் பயிலும் சிறார்க்கு ஏற்ற தொடக்க நூல்

மக்களைப் பள்ளிக்கு விடுக்காது பெற்றோரே இல்லத்தில் வைத்துக் கல்வி பயிற்றும் வழக்கம் இன்று அமெரிக்க நாட்டிலும் இங்கிலாந்திலும் பரவியுளது. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் அதற்கு இடந்தருகின்றது. அப்பெற்றோருட் பலர் தம் சிறார்க்கு இலத்தீன் மொழியையும் கற்பிக்க விழைகின்றனர். டாரதி சேயர்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில், இளமைக் கல்விக்கு இலத்தீன் இலக்கணமே தக்க அடிப்படை என வற்புறுத்தினார். இவ்விழைவு வளர்ந்ததற்கு அவ்வுரையும் ஒரு காரணமாம். ஆயின் விழைதல் எளிது. நூல் தேர்தலே அரிது. கற்பிக்கப் புகும் அன்னையர் பலர் தாமே இலத்தீன் அறியார். விற்பனைக்குள்ள நூல்களோ பல. அவற்றுள் எதனைக் கொள்வது?

தமிழ் பயிலும் எமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுதும். சிலுவையின் மேல் எழுதப்பட்ட மும்மொழிகளுள் இலத்தீனும் ஒன்று. சீகன்பால்கு ஐயர் 1716-இல் செருமனியின் ஆலே நகரில் அச்சிடுவித்த தமிழிலக்கணமும், வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு வகுத்த இலக்கணமும் அம்மொழியிலேயே எழுதப்பட்டன. அன்றியும், இலக்கணத்தைச் சிறாருக்கு எங்ஙனம் ஊட்டுவது என்னும் வினா நமக்கும் உரியதே.

முதற்கண் அம்மொழியில் அரியது யாது எனக் காண்போம். ஆங்கிலத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் சொற்கள் நிற்கும் இடமே காட்டும். இலத்தீனில் சொல்லின் ஈறு காட்டும். தமிழர்க்கு இது புதிதன்று. ‘நாய் பூனையைக் கண்டது’ என்பதைப் ‘பூனையை நாய் கண்டது’ என மாற்றினும் ஐயுருபு பொருளைக் காக்கும். ஆயின் ஒரு வேறுபாடுண்டு. தமிழில் எப்பெயர்க்கும் இரண்டாம் வேற்றுமை உருபு ஐ ஒன்றே. பன்மையாயின் ‘கள்’ முன்னிற்க அது பின்னிற்கும். இலத்தீனிலோ எண்ணும் வேற்றுமையும் ஓரீற்றில் கலந்து நிற்கும். ‘ரோசாம்’ எனின் ரோசா மலரை; ‘ரோசாஸ்’ எனின் ரோசா மலர்களை. அவ்வீறும் எல்லாப் பெயர்க்கும் ஒன்றன்று. பெயர்கள் ஐந்து வகுப்பாகவும் வினைகள் நான்கு வகுப்பாகவும் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனக்குரிய ஈறுகளைக் கொள்ளும். ஆகலின் எந்நூலைக் கைக்கொள்ளினும் வாய்பாடுகளை ஒரு நாள் மனங்கொள்ளாமல் முடியாது. வாய்பாடு முன்னதா, வாசிப்பு முன்னதா என்பதிலேயே நூல்கள் வேறுபடுகின்றன.

இல்லத்தில் இலத்தீன் பயின்ற இருவர் வரலாறு இதனை விளக்கும். பிரெஞ்சுப் பேரறிஞர் மோந்தேன் 1533-இல் பிறந்தவர். அவர் தந்தையார், பிரெஞ்சு மொழி அறியாத செருமானியர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, குழந்தையோடு இலத்தீனிலேயே பேசுமாறு பணித்தார். பெற்றோரும் பணியாளரும் தாமறிந்த இலத்தீன் சொற்களாலேயே குழந்தையை அழைத்தனர். அடியும் கண்ணீருமின்றி அம்மொழி கைவந்ததென மோந்தேனே எழுதியுள்ளார். பின்னர்ப் பள்ளி புகுந்து பேச்சுப் பழக்கம் குன்ற, அவர்தம் இலத்தீனும் குன்றியது. எனினும் பல்லாண்டு கழிந்து தந்தையார் மயங்கி வீழ்ந்தபோது அவர் வாயினின்று முதலில் எழுந்த சொற்கள் இலத்தீனே என்பர்.

மற்றவர் 1806-இல் பிறந்த ஜான் ஸ்டூவர்ட் மில். அவர் மூன்றாம் அகவையில் கிரேக்கமும் எட்டாம் அகவையில் இலத்தீனும் தந்தையாரிடம் தொடங்கினார். அவர் வழி இலக்கண வழி. தாம் கற்ற இலத்தீனை உடனுக்குடன் தம் தங்கைக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. அப்பணியை அவர் விரும்பிற்றிலர். ஆயினும் கற்பித்தமையால் கற்றது நிலைத்தது என்று ஒப்புகின்றார்.

இனி, இக்காலத்து நூல்களை நோக்குவோம். பார்பரா பெல் 1999-இல் வெளியிட்ட ‘மினிமஸ்’ தொடக்கப் பள்ளி அகவையினர்க்குரியது. பிரிட்டனின் வடபால் உள்ள விண்டொலாண்டாக் கோட்டையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதையை, ஒரு சுண்டெலியை உடன்வைத்துப் படங்களால் உரைக்கும். அக்கோட்டைத் தலைவன் மனைவி லெபிதினாவைப் பிறந்தநாளுக்கு அழைக்கும் மடல் மரப்பலகையில் எழுதப்பட்டு மண்ணினின்று கிடைத்துள்ளது. கதை மாந்தர் மெய்ம்மாந்தர் என அறியுங்கால் குழந்தைக்கு உண்டாகும் உவகை சிறிதன்று. எனினும் அந்நூல் வாயிலேயன்றி வீடன்று.

டென்மார்க்கு நாட்டு ஓர்பெர்க் 1955-இல் வெளியிட்ட நூல் முற்றும் இலத்தீனிலேயே அமைந்தது. எளிய தொடரில் தொடங்கி 35 இயல்களில் படிப்படியே ஏறும். சொற்பொருளை ஓரப்படங்கள் உணர்த்தும். 1658-இல் கொமேனியஸ் படங்காட்டி இலத்தீன் கற்பித்த நெறியின் வழித்தோன்றல் இஃது எனலாம். 1970-இல் தொடங்கிய கேம்பிரிட்சு வரிசை பொம்பேயி நகர வணிகர் ஒருவர் இல்லத்துக் கதைகளை முன்வைத்து இலக்கணத்தைப் பின்வைக்கும். மறுபுறம், 1888-இல் திருத்தி வெளிவந்த கென்னடியின் இலக்கணமும், 1945-இல் இயேசு சபைக் குரவர் ஹென்லி இயற்றிய நூலும் வாய்பாட்டையே முன்வைப்பன. 1956-இல் வெளிவந்த வீலாக்கின் நூல் கல்லூரி மாணவர்க்கே உரியது. சிறுவன் கையில் கொடுத்தல் தகாது.

இரு சிறு செய்திகளையும் கருதல் வேண்டும். பண்டை ஒலிப்பில் ‘கிக்கெரோ’ எனப்படும் பெயர் திருச்சபை ஒலிப்பில் ‘சிச்செரோ’ எனப்படும். வழிபாட்டுப் பாடல்களே நோக்கமாயின் பின்னது தகும். சீசரையும் வெர்ஜிலையும் பயில்வார்க்கு முன்னது தகும். வேற்றுமைகளின் வைப்பு முறையிலும் இங்கிலாந்து நூல்கள் இரண்டாவதை முன்னும், அமெரிக்க நூல்கள் ஆறாவதை முன்னும் வைக்கும். இரண்டையும் கலப்பின் குழந்தை மயங்கும்.

எம் அனுபவம் ஒன்றும் கூறுதும். பள்ளியில் யாம் வேற்றுமைச் சூத்திரங்களை எடுத்துக்காட்டு ஒன்றுமின்றி உருப்போட்டோம். ஒரு சொல் தவறின் ஐம்பது முறை எழுதவேண்டும். தமிழையே வெறுத்துவிடுவோமோ என அஞ்சிய நாட்கள் உண்டு. கல்லூரி புகுந்தபின் ஆசிரியர் ஒரு செய்யுளைப் படித்து, ‘இவ்வுருபு ஈண்டு யாது செய்கின்றது?’ என வினவியபோது, உறங்கிய சூத்திரம் விழித்தது. அன்று அவ்வாசிரியரை வாழ்த்தினோம்; எனினும் சூத்திரம் நெஞ்சில் உறங்கிக் கிடந்திராவிடின் எழுப்புதற்கு ஒன்றும் இருந்திராது என்பதையும் மறைத்தல் ஆகாது. வாசிப்பின்றி வாய்பாடு சுமை. வாய்பாடின்றி வாசிப்பு ஊகம்.

ஆகலின் எம் துணிபு இது. ஏழெட்டு அகவையில் ‘மினிமஸ்’ போதும். நாளும் கால் மணி நேரம் பயில்க. பத்து அகவைக்கு மேல் ஓர்பெர்க்கையேனும் கேம்பிரிட்சு வரிசையையேனும் கொண்டு, கென்னடியை அருகில் வைத்து, கதையில் கண்ட ஈற்றை அன்றே வாய்பாட்டிலும் காண்க. வாய்பாட்டில் இயல்பாகவே இன்பங்காணும் சிறுவனுக்குப் பதின்மூன்று அகவையளவில் ஹென்லி ஏற்கும். கற்பிப்பார் இலத்தீன் அறியாராயின் விடைநூலும் ஒலிப்பதிவும் உள்ள நூலையே தேர்க. தாம் ஒரு பாடம் முந்திக் கற்க. எல்லாவற்றினும் மேலாக, எடுத்த நூலை முடிக்க. ஆண்டுதோறும் நூலை மாற்றுவோர் ஆண்டுதோறும் முதல் வகுப்புப் பெயரிலேயே நிற்பர். ஐந்தாம் வகுப்பைக் காணார்.

சிறுவன் மில் கிரேக்கம் பயின்ற காலத்துக் கிரேக்கத்துக்கு ஆங்கிலப் பொருள் கூறும் அகராதி அவனுக்கு வாய்க்கவில்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளை, அதே மேசையில் இந்திய வரலாறு எழுதிக்கொண்டிருந்த தந்தையாரை வினவினான். பொறுமையிலர் எனப் பெயர் பெற்ற அத்தந்தையார் அவ்விடையூற்றைப் பொறுத்து விடையிறுத்தார், நூலும் முற்றுப்பெற்றது. இல்லத்துக் கல்விக்கு ஏற்ற நூல் எதுவாயினும் ஆகுக. எழுதுகோலை வைத்துவிட்டுக் குழந்தையின் வினாவிற்குத் திரும்பும் அம்முகமே முதற்பாடமாம்.