பகிடியை மட்டும் எழுதாதே, மகன்

அன்புள்ள மகனுக்கு,



எனக்கு வாப்பா, பேரனான உனக்கு அப்பா. அவரைப் பற்றி ஒரு சிறு நூல் போடப்போவதாகவும், அவருடைய பகிடிகளில் நல்லதாகப் பத்து எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். சந்தோஷம். ஆனால் பத்தைத் தனியே பொறுக்கி அனுப்ப எனக்கு மனமில்லை. யாரிடம் சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார், எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்பதையெல்லாம் விட்டுவிட்டால் வாப்பாவின் பேச்சில் பாதி போய்விடும். ஒன்றைச் சொல்கிறேன், பார்.

கெலிஓயாக் கடைவீதியில் இருந்த நம் சில்லறைக்கடைக்குச் சுற்றுவட்டாரத்து வீட்டுத் தோட்டங்களிலிருந்து மிளகும் கராம்பும் சாதிக்காயும் வரும். கொண்டுவந்து போட்டவர்கள் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் வாங்கிப் போவார்கள். அடுத்த மிளகுக் காலம் வரும்வரை எல்லாம் கொப்பியில் கடன். ஒருவருக்குக் கடன் ஏறிப்போய்விட்டது. அவர் கடைப்பக்கம் வருவதை விட்டுவிட்டு, பின்புறத்து ஒழுங்கையால் சுற்றி ஸ்டேஷனுக்குப் போய்வரத் தொடங்கினார். ஒருநாள் வாப்பா ஒழுங்கையிலேயே அவரைச் சந்தித்தார். "தம்பி, கடைப் பாதையை விட்டுட்டு இதால போறீங்களாம். இந்த ஒழுங்கையையும் கிராம சபையில சண்டை பிடிச்சு நான்தான் போடுவிச்சேன். எதால போனாலும் என்ட பாதைதான். பேசாம கடைக்கே வாங்க."

இதை ஊரில் பலர் சொல்லிச் சிரிப்பார்கள். உனக்கும் தெரிந்திருக்கும். வாப்பா அதைச் சிங்களத்தில் சொன்னார், அக்கம்பக்கம் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும், கூட நின்றவன் நான். வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று கண்ணாலேயே எனக்குச் சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே அந்த வீட்டுக்கு அரிசி போனது. பல வருஷத்துக்குப் பிறகு, கடனெல்லாம் தீர்த்த பிறகு, அந்த மனுஷனே கடை வாசலில் நின்று இந்தக் கதையை எல்லாருக்கும் சொன்னார். ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். உன் நூலில் இதைப் போடு, பெயரைப் போடாதே. அவருடைய பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அரசியலைப் பற்றி எழுதும்போது இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். வாப்பா உறுப்பினராக இருந்த கிராம சபை என்றால் உன் வயதுக்காரருக்கு விளங்காது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். கான், ஒழுங்கை, பொதுக்கிணறு, சந்தை இவைதான் அவர் பாடு. பெயர் சொல்லி வாக்குக் கேட்டவர், மறுநாள் காலையில் அதே பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டும் ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். 1981இல் கிராம சபைகளை எடுத்துவிட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகளைக் கொண்டுவந்தார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபை வந்தது. ஆனால் 1991இல் நடந்த முதல் தேர்தல் கட்சிப் பட்டியலுக்கான தேர்தல். வட்டாரத்துக்கென்று ஓர் ஆள் இல்லாமல் போனது. வாப்பாவுக்கு அது பெரிய கவலை. "எல்லாருக்கும் பொதுவான மெம்பர் எண்டா, கான் அடைச்சா யாரை எழுப்புறது?" என்று கேட்பார். 2018 பெப்ரவரி 10 தேர்தலில்தான் வட்டார முறை திரும்பி வந்தது. நம் மாவட்டத்துத் தலைமுறை ஒன்று அந்த உறவே தெரியாமல் வளர்ந்துவிட்டது; இது சிறிய இழப்பென்று நான் நினைக்கவில்லை.

1977இல் அக்குறணை ஏ.சி.எஸ். ஹமீத் வெளிநாட்டு அமைச்சரானபோது வாப்பாவுக்குப் பெருமையோ பெருமை. "அவர் உலகத்தைப் பார்க்கட்டும், நான் ஒழுங்கையைப் பார்த்துக்கொள்றேன்" என்றார். இதைப் பகிடியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதே. அந்த வேலையின் அளவும் மதிப்பும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு தேர்தலில் தோற்றும் இருக்கிறார். அன்றிரவு ஆறுதல் சொல்ல வந்தவர்களால் வீட்டு வாசல் நிறைந்துவிட்டது. "இதுல பாதிப் பேர் வாக்குப் போட வந்திருந்தா நான் வெண்டிருப்பேன்" என்று சொல்லி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். இதுவரை எல்லாருக்கும் தெரியும். மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, முடியாமல் கிடந்த பாலம், கான் வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வென்றவர் வீட்டுக்கு நடந்தார். இதையும் எழுது.

ஆவணம் தேடு. கிராம சபையின் பழைய கூட்ட அறிக்கைகள் உடுநுவர பிரதேச சபையில் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உனக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. அவர் கொண்டுவந்த ஒரு பிரேரணை கிடைத்தாலும் நம் புகழுரை பத்துப் பக்கத்துக்குச் சமம்.

பிறகு, சிங்கள வீடுகளுக்குப் போ. வாப்பாவின் பகிடிகளில் பாதி சிங்களத்தில் பிறந்தவை. அவற்றை வைத்திருப்பவர்கள் அந்த வீட்டுப் பெரியவர்கள்தான். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் அக்குறணையிலும் நம்மவர் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த பிறகு, இரண்டு பக்கமும் வாசலில் நின்று பேசுவது குறைந்துவிட்டது. அப்பாவைப் பற்றிக் கேட்க வந்தேன் என்று நீ போய் நில். கதவு திறக்கும், உட்காரச் சொல்வார்கள். நூலே வராமல் போனாலும் அந்தப் போக்குவரத்துக்காகவாவது நீ போக வேண்டும் என்பது என் ஆசை.

குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காதவர் என்று மட்டும் எழுதிவிடாதே. அவர் எங்கள்மேல் உயிரையே வைத்திருந்தார், உண்மை. கூட்டமென்று சபைக்குப் போன நாட்களில் மறுநாள் கடைக்கான சீனிப் பைகளை இரவிரவாகக் கட்டியவர் உம்மா. கொப்பிக் கணக்கைக் கூட்டிச் சரிபார்த்ததும் அவர்தான். ஒரு தேர்தல் செலவுக்கு உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. தேர்தலில் தோற்று, மிளகு விற்ற காசில் வாப்பா அதை மீட்டுவந்து கொடுத்தபோது உம்மா சொன்னார்: "அடுத்த முறை காப்பையே தேர்தல்ல நிப்பாட்டுங்க. அது போனாலும் திரும்பி வருது." வாப்பா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. மறுநாளே அதைக் கடையில் தன் பகிடியாகச் சொல்லிவிட்டார். நாம் வாப்பாவுடையவை என்று சொல்லித் திரிபவற்றில் எத்தனை உம்மாவுடையவையோ, அவரைக் கேட்டால்தான் தெரியும்.

உம்மாவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. நினைவு தெளிவாக இருக்கிறது; காலையில் இன்னும் நன்றாகப் பேசுவார். போனில் பதிவு செய்துகொள், இடையில் குறுக்கிடாதே. மற்ற வேலையெல்லாம் பிறகு பார்க்கலாம், மகன். இந்தக் கிழமையே அவரிடம் போ.

வஸ்ஸலாம்.

அன்புடன்,
உன் சாச்சா