'ஆய்வில் நிரூபணம்' என்று செய்தி வந்தால்...

வாட்ஸ்அப்பில் வந்த மருத்துவச் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. மூலக் கட்டுரையைத் தேடுங்கள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் தலைப்பையோ ஆய்வாளர் பெயரையோ இட்டால், பெரும்பாலும் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். 'அமெரிக்க விஞ்ஞானிகள்' என்று மட்டும் சொல்லி, பெயரே இல்லையென்றால் விட்டுவிடுங்கள், சரிபார்க்க வழியில்லை.

2. யாரிடம் சோதித்தார்கள் என்று பாருங்கள். எலியிடம் பலித்த பல மருந்துகள் மனிதரிடம் பலிப்பதில்லை.

3. கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று கட்டாயம் பாருங்கள். பப்மெட்டில் மேலேயே குறிப்பு இருக்கும். தட்டம்மைக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. இன்னமும் அந்தப் பயத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் விடுகிறவர்கள் இருப்பது வேதனை.

4. பணம் கொடுத்தது யார் என்று கட்டுரையின் கடைசியில் பாருங்கள். பொருளை விற்பவரே செலவழித்திருந்தால், பிறர் செய்த ஆய்வையும் தேடுங்கள்.

5. மருந்தை மாற்றத் தோன்றினால், கட்டுரையை அச்செடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தின் நிலையும் அவருக்குத்தான் தெரியும்.