ஊகப் போட்டி நடத்தப் போகும் பெறாமகனுக்கு

சுருவில்,
தைப்பொங்கலுக்கு மறுநாள்.

அன்பின் பெறாமகனுக்குப் பெரியப்பா எழுதுவது.

பங்குனியில் நடக்கும் அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹொக்கி விலகல் சுற்றுக்கு ஊகப் போட்டி வைக்கப் போவதாக எழுதி, விதிமுறையையும் அனுப்பியிருந்தாய். வடிவாக வாசித்தேன். வகுப்பு நண்பர்களோடு ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் மச்சான் மச்சாள்மாரையும், இங்கு எங்களையும் சேர்க்கப் போகிறாய் என்பது மனதுக்கு நிறைவாக இருந்தது. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஆர் பெரிய கெட்டிக்காரன் என்று கண்டுபிடிப்பது ஊகப் போட்டி நடத்துகிறவனின் வேலை அல்ல. கடைசி ஆட்டம் முடியும் மட்டும் எல்லோரையும் உள்ளே வைத்திருப்பதுதான் அவன் வேலை. உன் விதிமுறை அதற்கு இரண்டு இடங்களில் குறுக்கே நிற்கிறது.

பன்னிரண்டு அணிகளுக்கும் முதல் சுற்றிலிருந்து இறுதியாட்டம் வரை ஒரே தாளில், முன்கூட்டியே ஊகம் எழுதித்தரச் சொல்கிறாய். கூடைப்பந்துக்கு அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாய். கூடைப்பந்தில் அது சரி. எந்தக் கிளையில் வெல்கிறவன் எவனைச் சந்திப்பான் என்பது முதலே வரைந்து வைத்த படம். நீ எடுத்திருக்கும் இ.சி.ஏ.சி. தொடரில் அப்படி இல்லையே. முதல் நான்கு இடக்காரருக்கு முதல் சுற்று கிடையாது. மற்ற எட்டு அணிகளும் ஆடி நான்காகக் குறைந்த பிறகு, முதலாம் இடக்காரன் மிஞ்சியவர்களில் ஆகக் கீழே உள்ளவனைச் சந்திக்கிறான். பன்னிரண்டாம் இடக்காரன் ஐந்தாம் இடக்காரனை வீழ்த்திவிட்டால் காலிறுதியின் சோடிகள் தலைகீழாக மாறிவிடும். ஒரு முடிவு பிழைத்தவனின் தாளில், நடக்கவே போகாத ஆட்டங்களுக்குப் பெயர் எழுதியிருக்கும். அவன் அதற்குப் பிறகு ஏன் ஆட்டம் பார்க்க வேண்டும்? சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊகம் வாங்கு. உனக்கு வேலை கூடும். ஆனால் முதல் சுற்றில் எல்லாம் பிழைத்தவனும் காலிறுதிக்குத் திரும்பி வருவான்.

அடுத்தது புள்ளி. ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பாக 1, 2, 4, 8 என்று போட்டிருக்கிறாய். சங்கக்கடையில் கணக்கெழுதினவன் என்பதால் கூட்டிப் பார்த்தேன். முதல் சுற்றின் நான்கு ஆட்டங்களுக்கும் சேர்த்து 4, காலிறுதி நான்குக்கும் 8, அரையிறுதி இரண்டுக்கும் 8, இறுதியாட்டம் ஒன்றுக்கே 8. மொத்தம் 28. ஒரே ஒரு இரவின் ஒரே ஒரு ஆட்டம், நான்கு காலிறுதித் தொடர்கள் முழுவதற்கும் சமன். 1, 2, 3, 4 என்று வைத்தால் மொத்தம் 22. இறுதியாட்டத்துக்கு 4, காலிறுதிகளுக்கு 8. உங்கள் காலிறுதி மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டிய தொடர். வெள்ளி, சனி என்று ஓடி, தேவைப்பட்டால் ஞாயிறுக்கும் போகும். ஆட்கள் கூடுதலாகப் பார்க்கப்போவதும் கதைக்கப்போவதும் அந்த வார இறுதியில்தான். புள்ளியின் கனமும் அங்கேயே இருக்கட்டும்.

கீழ் இடத்து அணி வெல்லும் என்று சரியாகச் சொன்னவனுக்கு மேலதிகமாக ஒரு புள்ளி கொடு. ஒன்றுக்கு மேல் வேண்டாம். கூடக் கொடுத்தால் எல்லோரும் வேண்டுமென்றே கீழ் அணிகளைத் தேடி எழுதுவார்கள். ஆனால் அந்த ஒரு புள்ளி அவசியம். 2013ஆம் ஆண்டு யேல் அணிக்கு நடந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். உங்கள் தொடரின் அரையிறுதியில் யூனியனிடம் 5-0 என்று தோல்வி, அடுத்த நாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் குயினிபியாக்கிடம் 3-0. இரண்டிலும் ஒரு கோல்கூட இல்லை. தேசியச் சுற்றின் பதினாறு அணிகளுக்குள் கடைசி நேரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். சரியாக மூன்று வாரத்தில், ஏப்ரல் 13 அன்று, அந்தப் பருவத்தில் தங்களை மூன்று தரம் வென்றிருந்த அதே குயினிபியாக்கை 4-0 என்று வென்று தேசியச் சம்பியன் ஆனார்கள். உங்கள் தொடரின் அரையிறுதியும் இறுதியும் நடக்கும் லேக் பிளசிட்டில் 1980 பெப்ரவரி 22 அன்று நடந்ததும் அதே மாதிரித்தான். பெரும்பாலும் கல்லூரிப் பெடியன்களைக் கொண்ட அமெரிக்க அணி சோவியத் அணியை 4-3 என்று வென்றது. இரு கிழமைக்கு முன்னர் அதே சோவியத் அணியிடம் 10-3 என்று தோற்றவர்கள் அவர்கள். இப்படியான முடிவை ஒருத்தர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அந்தத் துணிச்சலுக்கு உன் கொப்பியில் ஒரு இடம் இருக்க வேண்டும்.

இனி, விதியை எழுதி வைப்பது பற்றி. இதில்தான் நான் கூடக் கவலைப்படுகிறேன்.

1982 உலகக்கிண்ண உதைபந்தாட்டத்தின்போது எங்கள் வாசிகசாலையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஊகப் போட்டி வைத்தார். பூட்டுப் போட்ட ஒரு பிஸ்கட் ரின், மூடியில் துண்டு போடும் அளவுக்கு வெட்டு. மைம்மலுக்கு விளக்கு வைத்ததும் வெட்டின் மேல் கடதாசி ஒட்டி, அங்கே நிற்கிற இரண்டு பேரிடம் அதில் கையெழுத்து வாங்குவார். விதிகள் நீல மையில், ஆட்டம் தொடங்கும் முன்னரே சுவரில். அரையிறுதியில் மேற்கு ஜேர்மனியும் பிரான்சும். தொண்ணூறு நிமிடத்தில் 1-1. மேலதிக நேரம் முடிய 3-3. பிறகு பனால்டி உதையில் ஜேர்மனி 5-4. உலகக்கிண்ணத்தில் ஒரு ஆட்டம் பனால்டி உதையால் தீர்ந்தது அதுதான் முதல் தடவை. காலையில் வானொலியில் செய்தி கேட்டதும் வாசிகசாலை இரண்டுபட்டது. சமனிலை என்று எழுதியவர்கள் தாங்களே சரி என்றார்கள், ஜேர்மனி என்று எழுதியவர்கள் தாங்களே சரி என்றார்கள். வாத்தியார் சத்தம் போடவில்லை, சுவரைக் காட்டினார். இறுதிக்குப் போகும் அணியே வென்ற அணி, கோல் கணக்கு மேலதிக நேரத்தோடு நிற்கும், பனால்டி உதைகள் கணக்கில் சேராது என்று அங்கே எழுதியிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதே வசனத்தை அவர் அன்று காலையில் எழுதியிருந்தால், சொல் ஒன்றும் மாறாவிட்டாலும், ஊர் ஏற்றிருக்காது.

உங்கள் விலகல் சுற்றில் சமனிலையும் இல்லை, பனால்டியும் இல்லை. ஒரு கோல் விழும் மட்டும் இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருப்பார்கள். அதனால் ஆர் வென்றது என்பதில் தகராறு வராது. வேறு இடத்தில் வரும். 2015இல் மசச்சூசெட்ஸ் அணி நொற்றடாமை 4-3 என்று வென்ற ஆட்டம் ஐந்து மேலதிக நேரம் போனது: 151 நிமிடம் 42 செக்கன். அவ்வளவும் ஆடி வென்ற அணி, அந்த மூன்று ஆட்டத் தொடரைக் கடைசியில் தோற்றுப்போனது. ஆகவே, காலிறுதியில் கேட்பது ஆட்டத்தின் வெற்றியா, தொடரின் வெற்றியா என்று எழுது. புள்ளி சமப்பட்டால் பிரிக்க இறுதியாட்டத்தின் மொத்தக் கோல்களைக் கேட்கிறாய். மேலதிக நேரக் கோலும் அதில் சேருமா என்று எழுது. அதற்குப் பிறகும் சமன் என்றால் பரிசைப் பங்கிடு. முந்தி அனுப்பினவனுக்குக் கொடுக்காதே. இரவு வேலைக்குப் போகிறவனால் முந்தி அனுப்ப முடியாது.

ஊகம் அனுப்பும் கடைசி நேரம் பற்றியும் ஒரு வரி. ‘வெள்ளி பின்னேரம்’ என்றால் ஆருடைய பின்னேரம்? அங்கே இரவு ஏழு மணி எங்களுக்கு அடுத்த நாள் விடிய ஐந்தரை. பங்குனியின் இரண்டாம் ஞாயிறு நீங்கள் மணிக்கூட்டை முன்னே தள்ளியதும் அது நாலரை ஆகும். ஐரோப்பாவில் மணிக்கூடு மாறுவது அந்த மாதக் கடைசி ஞாயிறில். இலங்கையில் மாறுவதே இல்லை. உன் தொடரின் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் ஓடுகிறது. உன் ஊர் நேரத்தை மட்டும் வைத்துக்கொள். ஒவ்வொரு சுற்றுக்கும் இலங்கை, பாரிஸ், லண்டன் நேரங்களைப் பக்கத்தில் எழுதி அனுப்பு. நேரம் முடிந்த பிறகு வருகிற துண்டு செல்லாது, அது நான் அனுப்பினதாக இருந்தாலும்.

காசு சேர்க்காதே. ஐந்து டொலர்தானே என்று உன் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். வேண்டாம். உன் வீட்டில் ஹொக்கி அணிப் பெடியன் ஒருவன் கூட இருக்கிறான் என்றாயே. அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டு விதிப்படி, நுழைவுக் காசு வாங்கிப் பரிசு கொடுக்கும் இப்படியான போட்டியில் ஒரு வீரன் சேரவே கூடாது. சேர்ந்தால் ஆடும் உரிமையே போகலாம். காசு இல்லாவிட்டாலும் அவனிடம் ஆருக்குக் காயம், கோல் காப்பது ஆர் என்று வாயைக் கிளறாதே. அவன் தானாகச் சொன்னாலும் உன்னோடு நிற்கட்டும்.

நீயும் ஊகம் சொல்லாதே. எல்லோருடைய துண்டையும் முதலில் பார்க்கிறவன் நீ. ஆசை விடாது என்றால், உன் ஊகத்தை முதல் துண்டு வரும் முன்னரே எல்லோருக்கும் அனுப்பிவிடு, புள்ளிப் பட்டியலில் மட்டும் சேர்க்காதே. நேரம் முடிந்ததும் எல்லோர் ஊகங்களையும் அப்படியே வெளியிடு. அதற்கு முன் ஒன்றையும் வெளியே விடாதே. கூட்டலில் பிழை என்று ஒருத்தர் சொன்னால் அன்றே பார்த்து, திருத்தியதை எல்லோருக்கும் சொல். பட்டியலைக் கீழிருந்தும் வாசி. கடைசியில் நிற்கிறவர் இந்தச் சுற்றில் ஒன்று சரியாகச் சொல்லியிருந்தால் அதையும் ஒரு வரியில் குறிப்பிடு.

இந்த ஊர் 1990இல் சிதறியது உனக்குக் கதையாகத்தான் தெரியும். அன்று ஒரு வளவில் விளையாடினவர்களின் பிள்ளைகள் இன்று செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும்தான் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கிறார்கள். கோர்னெல் வெல்லுமா கிளார்க்சன் வெல்லுமா என்பதற்காக லண்டன் மச்சாள் பாரிஸ் மச்சானுக்கு ஒரு செய்தி போட்டால், அதற்காகவே இந்தப் போட்டியை நடத்தலாம். ஹொக்கி தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு அணியையும் பற்றி இரண்டு வரி தமிழில் எழுதிக் கொடு. உன் பெரியம்மா இப்போதே டார்ட்மத் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்காதே, துண்டில் எழுதிக்கொள்.

பரிசுக்கு இங்கிருந்து புழுக்கொடியலும் பனங்கட்டியும் அனுப்புகிறேன். மாசியில் ரொறன்ரோவுக்கு ஆள் வருகிறது. முதலாமவருக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே அளவில் இரண்டு பொதி கட்டச் சொல்லியிருக்கிறேன். திருத்திய விதிமுறையை இந்த மாதம் முடிய முன் அனுப்பு. வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவதற்குப் பெரிய எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா.